படுக்கைப் புண்: எப்படிப் பார்ப்பது, எதை வைத்துக் கட்டுவது

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் என் வீடு. வேலை பெரும்பாலும் அந்தப் பக்கம், கேரளத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரை வீடுகளில். கிடப்பில் விழுந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஹோம் நர்ஸ் வேலை. புதிதாக வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, புண்ணுக்கு எந்த மருந்து நல்லது?" வீட்டுக்காரர்களும் இதையேதான் கேட்பார்கள். புண் மேல் என்ன வைப்பது என்று யோசிக்கும் முன்னால், அந்தப் புண் எதன் மேல் கிடக்கிறது என்று பாருங்கள் என்பேன். எத்தனை விலை கொடுத்து வாங்கிய டிரெஸ்ஸிங் ஆனாலும், அதன் மேல் ஐம்பது கிலோ உடம்பு அழுந்திக் கிடந்தால் புண் ஆறாது.

எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோலும் சதையும் நசுங்குகின்றன. ரத்த ஓட்டம் நின்றுபோய், அந்த இடம் பட்டினி கிடந்து சாகிறது. அவ்வளவுதான் படுக்கைப் புண். ஊரில் சிலர் 'சூடு பிடித்துவிட்டது' என்பார்கள், உஷ்ணக் கொப்புளம் என்பார்கள். சூடும் வியர்வையும் தோலை ஊறவைத்துக் கெடுக்கும், உண்மைதான். ஆனால் ஆளைக் கொல்லும் அளவுக்குக் குழி விழுவது அழுத்தத்தால்.

முதலில் சுமையை எடுங்கள்

எடை அழுந்தும் இடங்களை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மல்லாந்து கிடப்பவருக்கு முதுகு முடிந்து புட்டம் தொடங்கும் இடம், குதிகால், பின்தலை, முழங்கை. ஒருக்களித்துக் கிடப்பவருக்கு இடுப்பெலும்பு முனை, கணுக்கால், காது மடல். நாற்காலியில் உட்காருபவருக்கு உட்காரும் எலும்பு. மூக்கில் டியூப், ஆக்சிஜன் குழாய் இருந்தால் அது உரசும் இடங்களும் உண்டு. குளிப்பாட்டும்போது இவ்வளவையும் தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைப் புரட்டுவது பொதுக் கணக்கு. ஆளுக்கும் மெத்தைக்கும் தகுந்தபடி இது கூடும், குறையும். புரட்டுவது என்றால் முழுக்க ஒருக்களித்துப் படுக்கவைப்பது இல்லை. அப்படிச் செய்தால் மொத்த எடையும் இடுப்பெலும்பு முனையில் ஏறிவிடும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்து, முப்பது பாகை அளவுக்குச் சாய்த்தால் போதும். சாய்த்த பிறகு உங்கள் கையை அவருடைய வால் எலும்புக்கு அடியில் விட்டுப் பாருங்கள். கை தாராளமாகப் போனால் சரி. குதிகாலுக்கு, கெண்டைக்கால் நீளத்துக்கும் தலையணை கொடுத்து, குதிகால் மட்டும் அந்தரத்தில் நிற்கும்படி விட வேண்டும். கையுறையில் தண்ணீர் நிரப்பி அடியில் வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் தொங்கும் காற்று வளையமும் வேண்டாம். நடுவில் ஓட்டை இருப்பதால் புண்ணுக்குச் சுகம் என்று தோன்றும். உண்மையில் வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, புண்ணுக்கு வரும் ரத்தத்தைத் தடுக்கும்.

தலைமாட்டை உயர்த்தி வைத்தால் ஆள் மெல்ல மெல்லச் சறுக்குவார். தோல் மெத்தையில் ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு கீழே இறங்கும். இந்த இழுபறிதான் ஆழத்தில் சதையைக் கிழிக்கிறது. சாப்பாட்டு நேரத்துக்கும் அதன் பின் கொஞ்ச நேரத்துக்கும் உயர்த்தலாம். மற்ற நேரத்தில் முப்பது பாகைக்குள் இருக்கட்டும். உயர்த்தும் முன் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் சறுக்காது.

மெத்தை பற்றி ஒரு விஷயம். தண்ணீர் மெத்தையோ பம்பு வைத்த ஏர் பெட்டோ எது வாங்கினாலும், ஆள் படுத்திருக்கும்போது இடுப்புக்கு நேராக மெத்தைக்கு அடியில் கை விட்டுப் பாருங்கள். உடம்புக்கும் உங்கள் கைக்கும் இடையில் ஓர் அங்குலமாவது மெத்தை இருக்க வேண்டும். எலும்பு கையில் தட்டினால் அது கட்டாந்தரைதான். மேலே ஒரே ஒரு விரிப்புப் போதும். பாசத்தில் கம்பளியும் ரப்பர் ஷீட்டுமாக நாலு அடுக்குப் போட்டால் ஏர் பெட் வாங்கிய காசு வீண்.

தென்னையில் இருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போன ஒரு பாட்டாவை இரண்டு வருஷம் பார்த்தேன். மழைக்காலத்தில் ராத்திரி கரண்டு போனால் முதலில் தெரிவது அவருக்குத்தான். "மக்களே, மெத்தை மூச்சு விடலை" என்று கூப்பிடுவார். பம்பின் சத்தம் நின்றதும் எழுந்து அவரைப் புரட்ட வேண்டும். ஏர் பெட் இருக்கிறது என்று நம்பித் தூங்கிய இரண்டு ராத்திரிகளின் விலையை அவருடைய குதிகாலில் பார்த்தோம்.

நிலைகளைக் கண்டுபிடிப்பது

புண்ணை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். 2016-இல் அமெரிக்காவின் தேசிய அழுத்தப் புண் ஆலோசனைக் குழு இதற்கு 'அழுத்தக் காயம்' என்று பெயரையே மாற்றியது. முதல் நிலையில் தோல் கிழிவதே இல்லை, அப்புறம் ஏன் புண் என்று சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வாதம். நியாயம்தான்.

முதல் நிலையில் தோல் முழுசாக இருக்கும், சிவந்திருக்கும். விரலால் சில நொடி அழுத்தி எடுத்தால் வெளுக்காமல் சிவப்பாகவே நிற்கும். புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது. நம்ம நிறத்துக்கு இந்தப் பாடம் பாதிதான் உதவும். கருத்த தோலில் சிவப்பும் தெரியாது, வெளுப்பும் தெரியாது. அதனால் கை வேலை செய்ய வேண்டும். கையுறையைக் கழற்றிவிட்டு, புறங்கையை முதலில் சந்தேகமான இடத்திலும், பிறகு நாலு விரற்கடை தள்ளி நல்ல தோலிலும் வையுங்கள். ஒரு இடம் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா? விரல் நுனியால் அமுக்கினால் பக்கத்துத் தோலைவிடக் கெட்டியாக இருக்கிறதா, இல்லை கொழகொழவென்று இருக்கிறதா? தொட்டால் முகம் சுளிக்கிறாரா? நிறம் பக்கத்துத் தோலைவிட ஒரு படி கருத்தோ நீலம் பாய்ந்தோ தெரிகிறதா? ஜன்னலைத் திறந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட்டில் பார்த்து 'ஒண்ணுமில்லை' என்று எழுதி வைத்துவிட்டு மறுநாள் தோல் உரிந்து நின்றதை நான் கண்டிருக்கிறேன். இந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்யக் கூடாது. எண்ணெய் போட்டு அழுத்தித் தடவுவது நம் வீடுகளில் அன்பின் அடையாளம். இங்கே அது உள்ளே நசுங்கிய சதையை இன்னும் நசுக்கும்.

இரண்டாம் நிலையில் மேல்தோல் போய்விடும். ஆழமில்லாத, ஈரமான, ரோஜா நிறப் புண்ணாகவோ, தெளிந்த நீர் கோத்த கொப்புளமாகவோ இருக்கும். மஞ்சள் படலமோ கொழுப்போ தெரியாது. தெரிந்தால் அது இரண்டாம் நிலை இல்லை.

மூன்றாம் நிலையில் தோல் முழு ஆழத்துக்கும் போய், அடியில் கொழுப்பு தெரியும். வெளியே சின்ன வாய், உள்ளே பெரிய பொந்து என்று விளிம்புக்கு அடியில் குடைந்து போயிருக்கலாம். நான்காம் நிலையில் தசை, தசைநார் அல்லது எலும்பு வரை திறந்துவிடும். ஆழத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். காது மடலிலும் கணுக்காலிலும் கொழுப்பே கிடையாது. அங்கே ஆழமே இல்லாத புண்கூட மூன்றாம் அல்லது நான்காம் நிலையாக இருக்கலாம்.

இந்த நான்கிலும் அடங்காதவை இரண்டு. அடிப்பகுதி முழுக்க மஞ்சள் படலமோ கருப்புப் பொருக்கோ மூடியிருந்தால் உள்ளே எவ்வளவு ஆழம் என்று சொல்ல முடியாது. 'நிலை சொல்ல இயலாதது' என்றுதான் குறிக்க வேண்டும். ஊகித்து எண் போடக் கூடாது. இன்னொன்று, தோல் கிழியாமலே ஊதா அல்லது கருஞ்சிவப்பு நிறத்தில் கன்றிப்போவது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து யாரும் பார்க்காமல் பல மணி நேரம் தரையில் கிடந்த வயதானவருக்கு, அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துப் புட்டத்தில் நாவல்பழ நிறம் தெரியும். சேதம் ஆழத்தில் ஏற்கெனவே நடந்துவிட்டது. நீங்கள் எவ்வளவு நன்றாகப் பார்த்தாலும் அது திறந்துகொள்ளலாம். இதை வீட்டுக்காரர்களிடம் அன்றைக்கே சொல்லி, தேதி போட்டு எழுதி வையுங்கள். இல்லையென்றால் ஐந்தாம் நாள் பழி உங்கள் தலையில் விழும்.

டயப்பர் புண்ணையும் படுக்கைப் புண்ணையும் குழப்பிக்கொள்வது புதியவர்கள் எல்லாரும் செய்வது. சிறுநீரும் மலமும் பட்டு வெந்த தோல் பரவலாகச் சிவந்திருக்கும். மடிப்புகளிலும் புட்டப் பிளவின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று அச்சு எடுத்த மாதிரி இருக்கும், ஓரம் தெளிவாக இருக்காது. எலும்புக்கு நேர் மேலே, ஓரம் தெளிவாக இருந்தால் அழுத்தம் என்று நினையுங்கள். டயப்பர் புண்ணுக்குக் கட்டு வேண்டாம். உடனுக்குடன் சுத்தம் செய்து, துத்தநாக ஆக்சைடு க்ரீமை மெல்லிசாகப் பூசினால் போதும்.

கழுவுவது

வலி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் கட்டு மாற்றுவதற்கு அரை மணியில் இருந்து ஒரு மணி நேரம் முன்னால் கொடுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவி, பழைய கட்டின் மேல் சலைன் (கிருமி நீக்கிய உப்பு நீர்) ஊற்றி ஊறவைத்து எடுங்கள். வறண்டு ஒட்டின காஸ் துணியைச் சரக்கென்று இழுத்தால், ஒரு வாரமாக வளர்ந்த புதுச் சதை அதோடு வரும்.

கழுவ நார்மல் சலைன் பாட்டில் போதும். கிடைக்காத ராத்திரியில் அரை லிட்டர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, ஒரு டீஸ்பூன் உப்பைத் தலை தட்டிப் போட்டு, மூடி ஆறவைத்துப் பயன்படுத்தலாம். மறுநாளைக்கு மிச்சம் வைக்காதீர்கள். 20 மில்லி சிரிஞ்சில் எடுத்துப் புண்ணுக்குள் பீய்ச்சினால் அழுக்கு தானாக வரும், தேய்க்க வேண்டாம்.

புதுச் சதை வளரும் சுத்தமான புண்ணில் தினமும் பெட்டாடின் ஊற்றுவதும், ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரை பொங்குவதை ரசிப்பதும் வேண்டாம். கிருமியைக் கொல்வது புதுச் சதையையும் கொல்லும். மஞ்சள் தூள், காபித் தூள், பவுடர், சாம்பல் எதுவும் குழிக்குள் போகக் கூடாது. அம்மாச்சிகளிடம் இதைச் சொல்வது கஷ்டம். "மஞ்சளை மீன் குழம்பில் போட்டுக் கொடுங்கள், அவருக்கு அதுதான் நல்லது" என்று சொல்லிச் சமாளிப்பேன்.

எதை வைத்துக் கட்டுவது

புண்ணைக் காற்றாட விட வேண்டும், காய வேண்டும் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் சோதித்துப் பார்த்தார். மூடி ஈரமாக வைத்த காயத்தில், காற்றில் காயவிட்டதைவிடச் சுமார் இரண்டு மடங்கு வேகத்தில் மேல்தோல் மூடியது. இன்றைய டிரெஸ்ஸிங்குகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. சொதசொதவென்று ஊறவும் கூடாது, காய்ந்து வெடிக்கவும் கூடாது. அந்த நடு ஈரம்தான் வேண்டும்.

அதனால் கடைக்குப் போகும் முன் புண்ணைப் பார்த்து மூன்று விஷயத்தை எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு நீர் வடிகிறது? அடியில் சிவப்பா, மஞ்சளா, கருப்பா? குழி இருக்கிறதா? டிரெஸ்ஸிங்கைத் தேர்ந்தெடுப்பது பாதிக்கு மேல் இதில்தான் இருக்கிறது, நிலையின் எண்ணில் இல்லை.

முதல் நிலைக்கு மருந்து தேவையில்லை. சுமையை எடுத்து, உரசல் இருந்தால் மெல்லிய கண்ணாடி மாதிரியான ஒட்டுப் படலம் போடலாம். புட்டத்திலும் குதிகாலிலும் சிலிக்கான் ஒட்டு வைத்த ஃபோம் (பஞ்சு மாதிரி நீரை உறிஞ்சும் மெத்தென்ற டிரெஸ்ஸிங்) போடுவது புண் வராமல் தடுக்கவும் உதவும். ஆனால் ஒரு ஓரத்தைத் தூக்கி அடியில் தினமும் பார்க்க வேண்டும். ஒட்டிவிட்டோம் என்று மறந்தால் அது மூடி போட்ட பாத்திரம்தான்.

நீர் அதிகமில்லாத இரண்டாம் நிலைக்கு ஹைட்ரோகொலாய்டு எனக்குப் பிடித்தது. தோலில் ஒட்டிக்கொண்டு, வடியும் நீரை உறிஞ்சி ஜெல்லாகும் பட்டை அது. உள்ளங்கைகளுக்கு நடுவில் ஒரு நிமிஷம் வைத்துச் சூடேற்றி ஒட்டினால் நன்றாகப் பிடிக்கும். புண்ணின் ஓரத்தைத் தாண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் நல்ல தோலில் படியட்டும். மூலைகளை வட்டமாக வெட்டிவிட்டால் விரிப்பில் உரசிச் சுருளாது. கழன்று வராவிட்டால் மூன்றில் இருந்து ஏழு நாள் விடலாம். எடுக்கும்போது மஞ்சளாகப் பிசுபிசுவென்று, ஒரு வாடையோடு வரும். முதல் தடவை பார்த்தவர்கள் சீழ் பிடித்துவிட்டது என்று அலறுவார்கள். சலைனால் கழுவிய பிறகும் நாற்றமும் மஞ்சளும் இருந்தால்தான் சீழ். தொற்று இருக்கும் புண்ணில் இதைப் போட்டு மூடவே கூடாது.

ஓரளவு நீர் வடிந்தால் ஃபோம். நிறைய வடிந்தால் ஆல்ஜினேட். இது பழுப்புக் கடற்பாசியில் இருந்து எடுக்கும் பொருள். நீரைக் குடித்து ஜெல்லாக மாறும், குழிக்குள்ளும் வைக்கலாம். மேலே இன்னொரு பேடு வைத்து மூட வேண்டும். வறண்ட புண்ணில் இதை வைத்தால் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். வறண்டு, மஞ்சள் படலம் காய்ந்து பிடித்த புண்ணுக்கு நேர் எதிர் வைத்தியம்: ஹைட்ரோஜெல். அது ஈரம் கொடுத்துப் படலத்தை இளக்கும். இந்த இரண்டையும் மாற்றி வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

வெள்ளி கலந்த டிரெஸ்ஸிங் தொற்று இருக்கும்போது கொஞ்ச காலத்துக்கு மட்டும். இரண்டு வாரத்தில் மறுபடி பார்த்து, தேவையில்லை என்றால் நிறுத்த வேண்டும். விலை அதிகம் என்பதால் அது உசத்தி என்று நினைத்து மாதக் கணக்கில் போடுபவர்கள் இருக்கிறார்கள்.

இவை எதற்கும் வசதி இல்லையா? சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ், மேலே உலர்ந்த காஸ், பிளாஸ்டர். காய்வதற்குள் மாற்ற வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவைகூட ஆகலாம். இரண்டாம் நிலைக்கு, பாரஃபின் தடவிய வலைத்துணியை அடியில் வைத்தால் ஒட்டாது. மலிவான கட்டைச் சரியாக மாற்றிய வீடுகளில் நான்காம் நிலைப் புண் மூடியதையும் பார்த்திருக்கிறேன்.

குழிக்குள் துணி வைப்பது தனி வித்தை. தளர்வாக, இண்டு இடுக்கெல்லாம் தொடும்படி வைக்க வேண்டும். திணித்தால் உள்ளிருந்து அழுத்தும். முடிந்தவரை ஒரே நீளத் துண்டு, அதன் வால் வெளியே தெரிய வேண்டும். என் தொடக்க காலத்தில் ஒரு பொந்துக்குள் இரண்டு துண்டு வைத்துவிட்டு எண்ணிக்கையை எழுதாமல் வீட்டுக்குப் போனேன். மறுநாள் வந்தவர் ஒன்றை எடுத்தார். மற்றது பத்து நாள் உள்ளே கிடந்து நாறியது. தொற்று என்று ஆன்டிபயாட்டிக் எல்லாம் ஓடிய பிறகு, சிரிஞ்சில் சலைன் பீய்ச்சும்போது நூல் ஒன்று வெளியே வந்தது. அன்றில் இருந்து எத்தனை துண்டு வைத்தேன் என்று பிளாஸ்டர் மேலேயே பேனாவால் எழுதிவிடுவேன்.

கருப்புப் பொருக்கை என்ன செய்வது? புட்டத்தில் இருந்தால் டாக்டர் அல்லது பயிற்சி பெற்ற நர்ஸ் நீக்குவார், வீட்டில் பிளேடு எடுக்காதீர்கள். குதிகாலில் காய்ந்து, கெட்டியாக, சுற்றிலும் சிவப்போ ஈரமோ இல்லாமல் ஒட்டியிருந்தால் அதைத் தொடவே கூடாது. அது உடம்பே போட்ட கட்டு. ஜெல் வைத்து இளக்காமல், உலர்வாக, அந்தரத்தில் வைத்திருங்கள். ஓரம் இளகினாலோ நீர் கசிந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள், சர்க்கரை நோயாளி என்றால் இன்னும் சீக்கிரம்.

தட்டில் என்ன இருக்கிறது

புண் உள்ளவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதம் தினமும் வேண்டும். ஐம்பது கிலோ ஆளுக்கு 62 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். மூன்று வேளையும் கஞ்சித் தண்ணீர் கொடுத்துவிட்டு ஃபோம் வாங்கப் பணம் புரட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கஞ்சியோடு பயறு, முட்டை, முள் எடுத்த சாளை மீன், தயிர். மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) வயிற்றை நிறைக்கும், புரதம் பெரிதாகத் தராது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவைத் தீர்மானியுங்கள்.

யாரைக் கூப்பிடுவது

காய்ச்சல், நடுக்கம், திடீரென்று உளறல், புண்ணைச் சுற்றிப் பரவும் சிவப்பும் வீக்கமும், சீழ், எலும்பு தெரிவது. இதில் ஒன்று வந்தாலும் டிரெஸ்ஸிங்கை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான். அவசரமில்லாதவற்றுக்கு இரண்டு பக்கமும் வழி இருக்கிறது. கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய பாலியேட்டிவ் (வலி தணிக்கும் ஆதரவு சிகிச்சை) வேலை ஊர் ஊராகப் பரவி, 2008-இல் அரசுக் கொள்கையாகவே ஆனது. பஞ்சாயத்து வழியாகப் பாலியேட்டிவ் சிஸ்டர் வீட்டுக்கு வருவார். நம் பக்கம் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி, ஆதரவு சிகிச்சைக்கு வீட்டுக்கே வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். எல்லையில் வீடு இருந்தால் ரேஷன் கார்டு எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துவிட்டு நடங்கள், ஒரு அலைச்சல் மிச்சம்.

நோட்டுப் புத்தகம்

வாரத்துக்கு ஒருமுறை ஒரே நாளில், ஒரே நிலையில் படுக்கவைத்து அளவெடுங்கள். தலைப் பக்கத்தைப் பன்னிரண்டு மணி என்றும் பாதத்தின் பக்கத்தை ஆறு மணி என்றும் வைத்துக்கொண்டு நீளம், அகலம். சுத்தமான பஞ்சுக் குச்சியால் ஆழம். பொந்து இருந்தால் எத்தனை மணிப் பக்கம் என்று எழுதுங்கள். இரண்டு வாரத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் புரட்டுவது, மெத்தை, சாப்பாடு, தொற்று, கடைசியாக டிரெஸ்ஸிங் என்ற வரிசையில் மறுபடி யோசியுங்கள்.

நான்காம் நிலைப் புண் ஆறி மேலே வரும்போது 'இப்போது இரண்டாம் நிலை' என்று எழுதக் கூடாது. போன தசையும் கொழுப்பும் திரும்பி வராது, குழியைத் தழும்புச் சதைதான் நிரப்புகிறது. 'ஆறிவரும் நான்காம் நிலை' என்று எழுதுங்கள். முழுக்க மூடின பிறகும் அந்தத் தழும்புக்குப் பழைய தோலின் வலுவில் அதிகபட்சம் எண்பது சதவீதம்தான் வரும், அதற்கும் மாதங்கள் ஆகும். பாட்டாவின் நோட்டில் புண் மூடிய தேதிக்குக் கீழேயும் புரட்டும் நேரங்களை எழுத வரிசையாகக் கோடு போட்டு வைத்திருந்தேன். அவருடைய மருமகள் அதைப் பார்த்துவிட்டு, "இன்னும் ராத்திரி எழும்பணுமா அக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.